நிலக்கரி இல்லாத இங்கிலீஷ்

நீராவி என்ன பாவம் செய்தது என்று குற்றாலிங்கம் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். எழுதியபின் கொஞ்சம் கடுமையாக இருக்கிறதோ என்று அழித்தார், அழித்த இடம் அழுக்காகத் தெரிந்ததால் அதே வரியை அதன் மேலேயே மறுபடி எழுதினார். பகல் இரண்டு மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேஜை ஈரத்தைத் துண்டால் ஒற்றியெடுத்து, மகள் அனுப்பிய நான்கு தாள்களையும் வரிசையாகப் பரப்பியிருந்தார். காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடை வரை நடந்துபோய் அச்செடுத்து வந்தவை. கம்ப்யூட்டர் திரையில் படித்தால் எதுவும் அவர் மனதில் நிற்பதில்லை. மகள் காந்திமதி, வீட்டில் மதி, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லித்தருகிற ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறாள். அவர்கள் இப்போது ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்களாம். அன்றாட இங்கிலீஷுக்குள் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவுமாகப் புகுந்துகிடக்கிற சொல்வழக்குகளைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே காற்று, வெயில், கடல் என்று யாருக்கும் கெடுதல் செய்யாத வேறொன்றை வைக்கப்போகிறார்கள். இருபத்துநான்கு வரிசை. வரிசைக்கு நான்கு கட்டம்: எண், பழைய வழக்கு, அதன் பொருள், புதியது. உங்க நேரம் நாலரைக்கு எனக்கு இதுல மீட்டிங் இருக்குப்பா, அதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தனியாக இன்னொரு வரி: இதுல பாதி உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். அந்த வரியைக் காலையிலிருந்து அவர் ஏழெட்டுத் தடவை படித்துவிட்டார். சந்தோஷப்படுவதற்குத்தான் எழுதியிருக்கிறாள் என்று ஒரு தடவை தோன்றும். அடுத்த தடவை அப்படித் தோன்றாது. எந்தப் பாதி என்று கேட்டால் என்ன சொல்வாள்? அதனால்தான் அந்த வரியை விட்டுவிட்டு நீராவிக்கு வந்தார். ஐந்தாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று மூன்று வரிசைகளில் நீராவியை அடித்திருந்தாள். முழு வேகத்தில் போவதைச் சொல்லும் ஃபுல் ஸ்டீம் அஹெட் என்பதற்கு எதிரே, கப்பல் பாயை முழுக்க விரித்து. முப்பத்துமூன்று வருஷம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பொறியாளராக இருந்தவருக்கு இது பொறுக்கவில்லை. நீராவி வெறும் தண்ணீர் மதி. கீழே எரிவது கரியா விறகா என்று அதற்குத் தெரியாது. நாளைக்கே வெயிலை வைத்துக் கொதிக்கவைத்தாலும் அதே நீராவிதான் வரும். லெட்டிங் ஆஃப் ஸ்டீம் என்றால் கோபத்தை வெளியே கொட்டுவது என்று எழுதியிருக்கிறாயே, நிஜமான சங்கதி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அழுத்தம் கூடிப்போய்ப் பாதுகாப்பு வால்வு தூக்கினால், அரை மைல் தள்ளியிருக்கிற குவார்ட்டர்ஸில் பாத்திரமெல்லாம் அதிரும். அவர் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார். மனைவி பகவதி பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு அதன் காதுகளைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள். அவளுடைய காதுகளைப் பொத்த அவளுக்கு வேறு கை இருக்காது.

அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பிடித்துப்போனது ஸ்கூட்டரில்தான். குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடம் இரண்டு கிலோமீட்டர். முன்னால் நின்றுகொண்டு வந்த வயசு போய்ப் பின்னால் உட்கார ஆரம்பித்ததும், நாளைக்கு ஒரு வழக்கு என்று அவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவருக்கு அவை வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரக் கையேடுகளிலும், லைப்ரரியில் கிடந்த பழைய பத்திரிகைகளிலும் கிடைத்தவை. தென்காசிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு இங்கிலீஷ் ஒரு சட்டை மாதிரி. கஞ்சி போட்டுத் தேய்த்து விறைப்பாகப் போட்டுக்கொள்வார். மதிக்கு அது தோல் மாதிரி ஆகட்டும் என்று நினைத்தார். ஸ்டெப் ஆன் த கேஸ் என்றால் வேகத்தைக் கூட்டு என்று சொல்லிக்கொடுத்த மறுநாள் பஸ் தூரத்தில் புறப்படுவதைப் பார்த்து, பின்னாலிருந்து அதையே சொல்லி அவர் முதுகில் தட்டினாள். இரண்டாவது வரிசையில் அது இருக்கிறது. எதிரே, பெடலை மிதி. கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். நியூகாசில் நிலக்கரி வெட்டுகிற ஊர், அங்கேயே கரி சுமந்துகொண்டு போனால் யாருக்கு வேண்டும் என்று சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தூத்துக்குடிக்கு உப்பு கொண்டுபோற மாதிரியாப்பா என்றாள். அன்றைக்கு ஆபீஸில் பத்துப் பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பார். இப்போது பதினோராவது வரிசையில் நியூகாசிலுக்கு எதிரே, கடலுக்கு மணல் கொண்டுபோவது என்று போட்டிருக்கிறாள். உப்பை ஏன் விட்டாய்? உப்பு யாரையும் கெடுக்கவில்லையே. அவளுக்கு அது ஞாபகமே இல்லையோ? முப்பத்தாறு வயசாகிறது, எத்தனையோ இருக்கும் மண்டைக்குள். உப்பு என்று பென்சிலால் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். ஸ்கூட்டர் திரும்பி வீட்டுக்கு வரும்போது பகவதி பின்பக்கம் துணிக்கொடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். துவைத்த துணியைப் போடுவதற்கு முன்னால் கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஈரத்துணியால் பிடித்து உருவிக்கொண்டே நடப்பாள். பிடித்த துணியை விரித்துப் பார்ப்பாள். அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை. பன்னிரண்டாவது வரிசைக்குப் போனார்.

பன்னிரண்டாவது, குக்கிங் வித் கேஸ். காரியம் ஜோராக நடக்கிறது என்று பொருள். எதிரே, வெயிலில் சமைப்பது. வெயிலில் வடகம்தான் போடலாம் என்று அவர் நினைத்தபோது அழைப்புமணி அடித்தது. கேஸ் சிலிண்டர்காரர் இரண்டு மாடி ஏறிவந்த மூச்சோடு வாசலில் நின்றார். ஐம்பது வயசிருக்கும், சட்டையின் இடது தோள் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. போனில் வந்த எண்ணைக் கேட்டார். குற்றாலிங்கம் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, எண்ணைச் சொல்வதற்குள் அவரே உள்ளே வந்து பழைய சிலிண்டரைக் கழற்றிவிட்டார். ரப்பர் வளையத்தைப் பார்த்து, சோப்புத் தண்ணி போட்டு ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்று காட்டிவிட்டு, ஐயா ஒத்தையிலயா இருக்கீங்க, ஒரு சிலிண்டர் எத்தனை மாசம் வருது என்று கேட்டார். அஞ்சு மாசம் வரும் என்றார் குற்றாலிங்கம். எங்க வீட்டுல இருபத்தஞ்சு நாளு தாண்டாது, ஆறு பேரு என்று அவர் சொன்னார். சொன்னதில் அலுப்பும் இருந்தது, சின்னதாக ஒரு பெருமையும் இருந்தது. தண்ணீர் கேட்டார், நின்றபடி அண்ணாந்து குடித்தார், காலிச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். படிகளில் உலோகம் கைப்பிடியில் இடிக்கும் சத்தம் கீழே போய்த் தெருவில் கலக்கிற வரைக்கும் குற்றாலிங்கம் கதவைச் சாத்தவில்லை. ஐந்து மாதம். ஒரு வேளை சோறு, ஒரு குழம்பு, இரண்டு காபி. அடுப்பைப் பற்றவைத்தால் நீல நிறத்தில் சுடர் வட்டமாக வரும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுகூட அவருக்குப் பிடிக்கும். நிலையத்தில் கொதிகலனின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் உண்டு. நீலக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கவேண்டும். பத்து மாடி உயரத்துக்கு நெருப்பு நின்றுகொண்டிருக்கும். நிறத்தைப் பார்த்தே காற்று கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடுவார். சுடர் நன்றாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதும்போது பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று எழுதுவதுபோல இருக்கும். அதைப் பகவதியிடம் ஒருநாள் சொன்னார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலுக்கு அப்போது யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.

பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வேகமாகப் போயின. ராத்திரி கண்விழித்து வேலை பார்ப்பதைச் சொல்லும் பர்னிங் த மிட்நைட் ஆயில் என்பதற்கு எதிரே, நிலாவுக்குத் துணையிருப்பது என்று வைத்திருந்தாள். நல்லா இருக்குட்டி என்று எழுதி அடியில் கோடு போட்டார். தமிழில் இப்படி ஒரு பட்டியல் போட்டால் எத்தனை தேறும் என்று யோசித்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. புகைந்துகொண்டே இருந்தான் என்பது. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், ஏதோ வண்டி ஓடுது என்று அவரே சொல்வது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமைகளில் மதி கூப்பிட்டதும் முதலில் கேட்பது அதைத்தான், எப்படி இருக்கீங்க. வண்டி ஓடுது. அங்கே மழையா? மழைதான். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன். மூட்டுக்கு மாத்திரை போடுறீங்களா? போடுறேன். பதினைந்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும், ஆனால் யாரும் வைக்கமாட்டார்கள், இன்னும் ஏதோ ஒன்று இருக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு அவர்தான், சரி வைக்கட்டுமா என்பார். பதினாறுக்கு ஒரு டிக் போட்டார். பதினேழில் கேஸ்லைட்டிங் என்று ஒரு சொல். இது அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் காலத்தில் இதை யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. கேஸ் விளக்கு, சரி, பழைய காலத்துத் தெருவிளக்கு. பொருள் கட்டத்தைப் படித்தார். ஒருவர் தன் கண்ணால் கண்டதையே நம்பவிடாமல், அப்படி ஒன்றுமில்லை, உனக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அவருடைய புத்தியின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வரச்செய்வது. எதிரே இருந்த நான்காவது கட்டம் காலி. பதினெட்டு என்ன என்று பார்த்தார். ரன்னிங் ஆன் ஃப்யூம்ஸ், எல்லாம் தீர்ந்துபோகிற நிலையில் ஓடுவது, எதிரே, பாட்டரியில் கடைசிக் கோடு. பத்தொன்பது, இருபது, கடைசி வரை புரட்டினார். இருபத்துமூன்று வரிசைகளிலும் நான்காவது கட்டத்தில் ஏதோ ஒன்று எழுதியிருந்தது. பதினேழில் மட்டும் ஒன்றுமில்லை.

மறந்திருப்பாள். அச்செடுத்ததில் விட்டுப்போயிருக்கும். மேஜை மூலையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து பார்த்தார், அதிலும் காலிதான். எழுந்துபோய் மொண்டு தண்ணீர் குடித்தார். தெருவில் பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கி ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனது. ஏங்க, இது என்னன்னு பாருங்க. அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டில் பகவதி ஈரத்துணியை விரித்துக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள், நின்றது ஒரு தடவையா, வருஷக்கணக்காக. துணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு பட்டை. ரோட்டுப் புழுதி என்றார். லாரி போகுதுல்லா. ரோட்டுப் புழுதி விரலில் தேய்த்தால் நெறநெறக்கும். இது நெறநெறக்காது, முகப்பவுடர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அவருக்கு அது தெரியும். தன் விரலில் தேய்த்துப் பார்த்த ஒரு நாளும் உண்டு, பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். இல்லங்க, ரோடு அந்தப் பக்கமில்லா இருக்கு, இது இந்தப் பக்கமிருந்து காத்தடிச்சாத்தான் வருது என்று அவள் சொன்னாள். உனக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும், சுத்தம் சுத்தம்னு மண்டைக்குள்ள ஏறிப்போச்சு என்று அவர் சிரித்தார். கோபமாகச் சொல்லவே இல்லை, எல்லாத் தடவையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொஞ்ச வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். ரோட்டுப் புழுதிதான்க்கா, எனக்குத்தான் சுத்தம் கூடிப்போச்சு, இவங்க சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. ஜன்னலுக்கு வெளியே அவள் அப்படிச் சொல்வதை அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கேட்டபோது நிம்மதியாக இருந்தது. அதுதான் நிஜம். நிம்மதியாகத்தான் இருந்தது. கடலோரத்து மீன்பிடிக் குப்பத்து ஜனங்கள் மனு கொடுத்த வருஷமும் அதுதான், வலையில் சாம்பல், குடிதண்ணியில் சாம்பல், பிள்ளைகளுக்கு இளைப்பு என்று. பதில் எழுதும் வேலை அவரிடம் வந்தது, நிலையத்தில் அவரளவுக்கு இங்கிலீஷ் எழுதுபவர் வேறு யாரும் இல்லை. ஒன்றரைப் பக்கம் எழுதினார். எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே உள்ளன என்ற வாக்கியத்தை எங்கே வைப்பது என்று அரைமணி நேரம் யோசித்து, கடைசிப் பத்தியின் முதல் வரியாக வைத்தார். மேலதிகாரி படித்துவிட்டு முதுகில் தட்டினார். கீழே கையெழுத்து குற்றாலிங்கத்துடையதுதான்.

அந்தக் கையெழுத்துப் போட்ட மறுமாசம்தான் பகவதியை மதுரைக்கு ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனது. மதி அப்போது காலேஜ் முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள், இருபத்திரண்டு வயசு, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். வீட்டில் யாரும் சிகரெட் உண்டா, விறகடுப்பா, கோழி புறா வளர்க்கிறீர்களா, பக்கத்தில் மில், ஆலை ஏதாவது உண்டா? பகவதி தன் புருஷனைப் பார்த்தாள். பதில் சொல்லவேண்டிய இடங்களில் அவள் அவரைப் பார்ப்பது வழக்கம். இல்ல டாக்டர், கடற்கரை ஊரு, நல்ல காத்து என்று குற்றாலிங்கம் சொன்னார். வேறு யாரோ சொல்வதைப் போலத் தன் குரலை அவரே கேட்டார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நாற்காலிக்குப் பின்னாலிருந்து மதியின் கை அம்மாவின் தோளுக்கு வந்ததும், பகவதி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டதும் அவருக்குத் தெரிந்தது. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தார். இளைப்பு நோய் என்று எட்டு மாதம் மருந்து கொடுத்தார்கள். பிறகுதான் இது வேறு, நுரையீரல் கெட்டிப்பட்டுச் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார்கள். அந்த எட்டு மாதமும் அதே வீடு, அதே கொடி. அதற்குப் பிறகும், அவருக்கு ஓய்வு வருகிற வரைக்கும் இரண்டு வருஷம். வேறு வீடு பார்ப்போமா என்று ஒரு நாள் அவர் கேட்டபோது, எதுக்குங்க, இங்கதான் நல்ல காத்து என்றாள். அதை எப்படிச் சொன்னாள்? குரலை ஞாபகப்படுத்திப் பார்க்கிறார், வரமாட்டேன் என்கிறது. குத்திக்காட்டினாளா, நிஜமாகவே நம்பினாளா? பதினோரு வருஷமாக அவர் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்கிற இடம் அது. மதியாவது கேட்டிருக்கலாம். அம்மாவின் சாவு வீட்டில் கேட்கவில்லை. விமானம் ஏறும்போது கேட்கவில்லை. லீட்ஸில் போய் எத்தனையோ படிக்கலாம், அவள் புகையையும் கரியையும் எடுத்துப் படித்தாள், ஏன் அதை எடுத்தாய் என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. இருபத்துமூன்று கட்டங்களை நிரப்பத் தெரிந்தவளுக்கு மிச்சமிருக்கிற அந்த ஒன்றை நிரப்பத் தெரியாதா? வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். நீங்களே எழுதுங்க என்று விட்டிருக்கிறாள். இதுல பாதி உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோனார். வெயிலை மறைப்பது என்று ஒரு இங்கிலீஷ் வழக்கு தோன்றியது, நன்றாகக்கூட இருந்தது, அந்த நன்றாக இருந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது. மணி நாலு தாண்டி ஐந்து நிமிஷம். பென்சிலை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். வேலை நாளில், வேலை நேரத்தில் அவளை அவர் கூப்பிட்டதே இல்லை.

முதல் மணியிலேயே எடுத்தாள். உடம்புக்கு என்னமோ என்று நினைத்துவிட்டாள் போல, குரல் பதறியது. ஒண்ணுமில்லை, பட்டியல் பாத்துட்டேன் என்றார். அவள் மூச்சு விட்டது கேட்டது. நீராவி விஷயத்தை முதலில் சொன்னார், தண்ணீரைக் குற்றம் சொல்லக்கூடாது என்று. அவள் சிரித்தாள், சரிப்பா, நீராவியை உங்களுக்காக விட்டுடுதேன், மீட்டிங்ல சண்டை போட்டுக்கிடுதேன் என்றாள். நிலாவைப் பற்றிச் சொன்னார், அது அவளே யோசித்ததாம். பிறகு, பதினேழாவதுல ஒண்ணும் போடலையே என்றார். கேட்டுவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அதுவாப்பா? அதை எடுத்துறலாம்னு இருக்கேன்" என்றாள் மதி. "கூட வேலை பாக்கிறவங்க யாரோ சேத்தது. விளக்குல ஆரம்பிச்ச சொல்லு, அதைக் கேட்டா யாருக்கும் இப்போ எரிவாயு ஞாபகமே வராது. புக்குக்குத் தேவையில்ல. அடிச்சுருங்க."

அவ்வளவுதான். வேண்டுமென்று விட்டதில்லை, அவள் சேர்த்த சொல்கூட இல்லை. இரண்டு மணி நேரமாக அவர் தனக்குள் கட்டி எழுப்பியது எதுவும் அவளுக்குத் தெரியாது. அடித்துவிடு என்கிறாள். ஒரு கோடு இழுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடுவாள், மழையா என்று கேட்கலாம். தொண்டையிலிருந்து ஏதோ இறங்கிப்போவது அவருக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரியிடம் பகவதி பேசியதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இறங்கிய அதே நிம்மதி. அது அவ்வளவு பழக்கமானதாக இருந்ததைக் கண்டுதான் அவர் பயந்துபோனார்.

"மதி, அது புழுதி இல்லட்டி" என்றார்.

"எதுப்பா?"

"கொடியில அம்மா துடைப்பால்லா, அது. ரோட்டுப் புழுதி இல்ல. சாம்பல். எனக்கு அன்னைக்கே தெரியும். டாக்டர்ட்ட நல்ல காத்துன்னு சொன்னேன். அப்பவும் தெரியும்."

அந்தப் பக்கம் தூரத்தில் கதவு திறந்து மூடியது, யாரோ ஒரு பெண் மதியின் பெயரை வேறு விதமாகச் சொல்லிக் கூப்பிட்டாள். குற்றாலிங்கம் காத்திருந்தார். வைத்துவிடுவாள், வைத்தால் வைக்கட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்தபோதே வைத்துவிடாதே என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா" என்றாள். குரல் மெதுவாக, ஒழுங்காக வந்தது, பல வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போல. "மதுரைக்குப் போறதுக்கு முந்தின வாரம், ஜன்னல் கட்டையில இருந்து கொஞ்சம் சுரண்டி மாத்திரைக் கவர்ல போட்டு, என் ஸ்கூல் கெமிஸ்ட்ரி மிஸ் வீட்டுக்குக் கொண்டுபோனா. நான்தான் கூடப் போனேன். மிஸ் பாத்த உடனே சொல்லிட்டாங்க."

"அப்போ டாக்டர்ட்ட ஏன்…" என்றார்.

"நான் சொல்ல வந்தேன். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. வெளியே வந்து சண்டை போட்டேன். அப்பாவாச் சொல்லட்டும், நீ கேக்காதன்னா. ஆஸ்பத்திரியில கடைசியா கிடந்தப்பவும் அதைத்தான் சொன்னா. அப்பாவாச் சொல்லுவாங்க, நீ கேக்காத. உங்க மேல மட்டுமில்லப்பா, எனக்கு அவ மேலயும் அவ்வளவு கோவம். இன்னும் இருக்கு."

 பகவதி வைத்த கண் வாங்காமல் தன்னைப் பார்த்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாளே, அது பதில் தெரியாமல் பார்த்த பார்வை இல்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு இடம் கொடுத்துப் பார்த்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் தினமும் சோறு போட்டாள், தினமும் கொடி துடைத்தாள், தினமும் அவருக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு நாளும் அதற்குள் வரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.  மறுபடியும் அந்தப் பெண் குரல் கேட்டது, இந்தத் தடவை பக்கத்தில். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றாள். மதி போனை வாயிலிருந்து விலக்கி இங்கிலீஷில், நீங்க ஆரம்பிங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்வது கேட்டது. கதவு மூடியது. 

"இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன்."

"அவளுக்கும் எனக்கும் தெரிஞ்சது கவர்ல இருந்த அந்தச் சாம்பல் மட்டும்தான். உள்ளே என்ன நடந்ததுன்னு உங்களுக்குத்தான் தெரியும். முதல்ல இருந்து சொல்லுங்க. நான் கேக்கத்தான் போறேன், ஏசமாட்டேன்னு சொல்லமாட்டேன்."

வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. குற்றாலிங்கம் தாள்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தேடியபோது, மனு, பதில், மதுரை எல்லாம் விலகி, அவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு சாதாரணக் காலை, ஷிப்ட் மாறுகிற நேரம், கையில் குறிப்பேட்டோடு அவர் நின்ற இடம் தெளிவாக வந்தது.

"புகைக்கூண்டுக்கு முன்னால, சாம்பலைப் பிடிச்சு வைக்கிற பெட்டி மொத்தம் ஆறு உண்டு மதி" என்று ஆரம்பித்தார். "அதுல ரெண்டு வேலை செய்யல. எத்தனை மாசமா வேலை செய்யலைங்கிறதை முதல்ல சொல்லுதேன்."